மடுத்தீனின் பங்கு

அருள்மலர் அக்கா கோபத்தைக் காட்டமாட்டார், சேர்த்து வைப்பார். பாரிஸ் கைல் வீதித் தையல் கடையில் பதினான்கு வருடமாக அவருக்குப் பக்கத்து மெஷினில் இருக்கிறேன், எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு பெண் அளவைப் பிழையாகச் சொல்லிவிட்டு, பழியை அக்காவின் தலையில் போட்டுக் கத்தினாள். அக்கா வாய் திறக்காமல் திருத்திக் கொடுத்தார். அடுத்த வருடம் மகளின் கலியாணத்துக்கு முதல் நாள் அதே பெண் பதறி ஓடிவந்தபோது, "நேரமில்லை" என்ற ஒரே சொல்லோடு திருப்பி அனுப்பினார். இப்படிப்பட்டவரிடம்தான் அர்னோ துவக்குக் கேட்டு வந்தான்.

அந்த வேட்டைத் துவக்கு அக்காவின் அப்பா மடுத்தீன் ஐயாவுடையது. முருங்கன் பக்கத்து ஆள். எண்பத்தைந்தாம் ஆண்டு பாரிசுக்கு வந்து ஒரு பிரெஞ்சுக்காரரின் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அங்கேயே சமையல்காரரானார். அவருக்கு வேட்டை தெரியும் என்று அறிந்த முதலாளி, ஞாயிறுகளில் தன் ஊர்க் காட்டுக்குக் கூட்டிப்போனார். ஐயா ஐம்பது வயதில் பிரெஞ்சில் சோதனை எழுதி வேட்டை அனுமதி எடுத்தார். முதலாளி சாகக் கிடந்தபோது, தன் ரைபிளை ஒரே மகன் அர்னோவுக்குக் கொடுக்காமல், முறைப்படி எழுதி ஐயாவுக்குக் கொடுத்துவிட்டார். அர்னோவின் வயிறு அன்றைக்கு எரியத் தொடங்கியது.

காட்டுப்பன்றி விழுந்த ஞாயிறுகளில், பாரிசில் எங்கள் ஆட்கள் இருக்கும் லா சப்பலில் ஏழு வீடுகளுக்கு இறைச்சி வரும். ஐயா ஊர் முறைப்படி பங்கு போடுவார். ஈரலில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு, எலும்பில் ஒரு துண்டு என்று எல்லாக் குவியலிலும் எல்லாம் இருக்கவேண்டும். சுட்டவனுக்கு முதல் பங்கு. வேட்டைக்குப் போனவனை வெறுங்கையோடு அனுப்புவது அவர் ஊரில் பகைவனுக்குக்கூடச் செய்யாத காரியம்.

முதலாளி செத்த அடுத்த குளிர்காலம், அந்த ஊர் வேட்டைச் சங்கத் தலைவரின் நாய் குண்டு பட்டுச் செத்தது. வேட்டையில் வரிசையாக நிற்பவர்கள் வரிசைப் பக்கம் திரும்பிச் சுடக்கூடாது என்பது சட்டம். "மடுத்தீனுக்கு பிரெஞ்சு விளங்காது, அவன்தான் திரும்பிச் சுட்டான்" என்று அர்னோ கையை நீட்டினான். எல்லாரும் நம்பினார்கள். அன்று விழுந்த பன்றியைச் சுட்டது ஐயா. அவருக்கு ஒரு துண்டு எலும்புகூடக் கொடுக்காமல் ரயிலேற்றிவிட்டார்கள். பிறகு சங்கத்திலிருந்து நீக்கிக் கடிதமும் வந்தது.

செய்தி அவருக்கு முன்பே லா சப்பலுக்கு வந்துவிட்டது. பட்டம் வைக்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அவர் கொடுத்த இறைச்சியைத் தின்ற வாய்களே 'நாய்சுட்டான்' என்று பெயர் வைத்தன. நானும் ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அதன்பிறகு பதினொரு வருடம் துவக்கு, ஐயாவும் அக்காவும் இருந்த சார்செல் வீட்டு இரும்பு அலுமாரியில் கிடந்தது. ஞாயிறு தவறாமல் ஐயா எடுத்து எண்ணெய் போட்டுத் துடைப்பார், திருப்பிப் பூட்டுவார். போன ஒக்டோபரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் மகளிடம் சொன்னார். திரும்பிச் சுட்டது அர்னோ. பக்கத்தில் நின்ற ஐயா கண்ணால் கண்டிருக்கிறார்.

"ஏன் அப்பா அண்டைக்கே சொல்லேல்லை?"

"அவன்ர அப்பாவின்ர சோத்தைத் திண்டனான், பிள்ளை."

மூன்றாம் நாள் ஐயா போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் அக்கா போலிசில் விசாரித்தார். வேட்டை அனுமதி இல்லாமல் துவக்கைச் சும்மா வைத்திருக்க முடியாது. அனுமதி எடுக்கலாம், முறைப்படி விற்கலாம், இல்லையென்றால் அழிக்கும்படி போலிசிடம் ஒப்படைக்கலாம். அக்கா யோசித்துக்கொண்டிருந்தபோதே, டிசம்பரில் அர்னோ கடைக்கு வந்தான். நல்ல கோட்டு, நரைத்த தாடி, மரியாதையான பேச்சு. துவக்குக் கடைக்காரன் சொன்னதைவிட மூன்று மடங்கு தருவதாகச் சொன்னான். தன் அப்பாவின் கை பட்ட பொருள் அது ஒன்றுதான் மிச்சம் என்றான்.

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். "அன்றைக்கு என் அப்பாவுக்குக் கொடுக்காத பங்கைக் கொண்டுவாருங்கள். பன்றி முழுதாக வேண்டும். அந்த நாயைச் சுட்டது யார் என்று இங்கே ஏழு வீட்டுக்காரருக்கு முன்னால் சொல்லுங்கள். பிறகு பேசலாம்."

நிலத்தைப் பார்த்தபடி, "சரி" என்றான்.

அவன் போனதும் கேட்டேன். "விக்கப்போறீங்களோ அக்கா?"

"பிறகு பேசலாம் எண்டுதானே சொன்னனான்."

ஜனவரியில் ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து ஏழு வீட்டுக்காரரும் கடையின் பின்னறைக்கு வந்தார்கள். ஐயாவின் நினைவாக ஏதோ பகிர்கிறார்கள் என்று நினைத்துத்தான் வந்தார்கள். வெட்டு மேசையில் பிளாஸ்டிக் விரித்திருந்தோம். அர்னோ இரண்டு பெட்டிகளில் பன்றியைத் துண்டுகளாகக் கொண்டுவந்து இறக்கினான். "நேற்று நானே சுட்டேன்" என்றான், கொஞ்சம் பெருமையாக. பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, நாயைச் சுட்டது தான் என்றும், பழியை மடுத்தீன்மேல் போட்டதாகவும் சொன்னான். பிரெஞ்சு விளங்காதவர்களுக்கு நான் தமிழில் சொன்னேன். சொல்லும்போது எனக்கே நாக்கு கூசியது.

ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டத்தை முதலில் வைத்த இஞ்ஞாசி அண்ணை நைசாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எங்கை போறீங்கள் அண்ணை? பங்கு எடுத்துக்கொண்டு போங்கோ. அப்பாவின்ர இறைச்சியைத் திண்டுபோட்டுத்தானே பேர் வைச்சனீங்கள். இதையும் தின்னுங்கோ."

அக்கா கத்தியை எடுத்தார். ஈரல், கொழுப்பு, எலும்பு என்று அப்பா செய்தபடியே எட்டுக் குவியல் வைத்தார். ஏழு பைகள் ஏழு வீட்டுக்கும் போயின. வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. எட்டாவது பையை அக்கா தன் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அர்னோ நின்றுகொண்டே இருந்தான்.

"துவக்கு?" என்று கேட்டான்.

அக்கா மடித்த ஒரு காகிதத்தை நீட்டினார். முந்தின வியாழக்கிழமை துவக்கை ஒப்படைத்ததற்குப் போலிஸ் கொடுத்த பற்றுச்சீட்டு. அழிப்பதற்காகப் பெற்றுக்கொண்டதாக முத்திரையோடு இருந்தது. அவன் இரண்டு தரம் வாசித்தான்.

"அது என் அப்பாவுடையது" என்றான். அழுதுவிட்டான்.

"உன் அப்பா அதை உனக்குத் தரவில்லையே" என்றார் அக்கா.

சுட்டவனுக்கு முதல் பங்கு. ஆனால் அர்னோ வெறும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனான். கொஞ்சம் இறைச்சி கொடுத்துவிடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

மேசையைக் கழுவும்போது கேட்டேன். "ஐயா ஆசையா வைச்சிருந்த சாமான் அக்கா. உங்களுக்கு மனசு வந்துதோ?"

"ஆசையிலையோ துடைச்சவர்? ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து வைச்சு மருகினவர். நான் அந்த அறைக் கதவுக்கு இஞ்சாலை நிண்டு கேட்டனான். போகட்டும் அது."

தண்ணீர்க் குழாயை மூடினார். "வியாழக்கிழமை குடுக்கேக்கை ஒருக்கால் தடவிப்பாத்தன். அப்பாவின்ர எண்ணெய் மணம் இருந்தது" என்றார்.

அடுத்த நாள் அக்கா வழக்கம்போல ரயிலில் வந்து, மெஷின் உறையைக் கழற்றினார். நானாக இருந்தால் விற்றிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அந்தப் பங்கை என்ன செய்தீங்கள் அக்கா? கோயிலுக்குக் குடுத்தீங்களோ?"

"சமைச்சனான். அப்பாவின்ர படத்துக்கு முன்னாலை ஒரு கோப்பை வைச்சன். மிச்சம் முழுக்க நான் தனியச் சாப்பிட்டன்."

"எப்பிடி இருந்தது?"

ஊசியில் நூலைக் கோத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கிழட்டுப் பண்டி. நல்லா அவியேல்லை. ஆனா பதினொரு வருசத்துக்குப் பிறகு எனக்கு நல்லாப் பசிச்சது."