குட்டிக்குச் சடை ஆய்ந்தது

என் மனைவியின் அக்கா ஜேர்மனியிலிருந்து வந்த அன்று, வாடகை வான் வண்டியிலிருந்து முதலில் இறங்கியது ஒரு நாய். முழங்கால் உயரம்கூட இல்லை. வெள்ளையும் மண்ணிறமும் கலந்த, கம்பி போல விறைத்த முடி. வாயைச் சுற்றித் தாடி, கண்ணுக்கு மேலே தடித்த புருவம். டெரியர் என்ற சாதியாம். பக்கத்துக் காணிக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடாப்பா, வீடு கூட்டுற தும்புத்தடிக்குக் கால் முளைச்சிருக்கு!" என்றார். அன்றிலிருந்து உருத்திரபுரத்தில் எங்கள் ஒழுங்கை முழுக்க அதற்குத் தும்புத்தடி என்றே பெயர். அக்கா வைத்த ஜேர்மன் பெயர் எங்கள் வாய்க்குள் நுழையவில்லை. நானும் மனைவியும் குட்டி என்று கூப்பிட்டோம். ஏழு வயதுக் குட்டி.

அக்கா மூன்று மாதத்துக்கு என்று வந்திருந்தார். அவருடைய கணவர் இறந்து இரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. இங்கேயே இருந்துவிடலாமா என்று பார்க்கத்தான் வந்தார். சரிவராவிட்டால் திரும்பிப் போக டிக்கெட் கையில் இருந்தது.

என் மனைவியோடு பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு அக்காதான். அவர் வந்த பிறகு, குசினிக்குள் மனைவி சிரிக்கிற சத்தம் நான் மண்வெட்டியோடு வாய்க்கால் கரைக்குப் போன பிறகும் கேட்கும். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவளிடம் அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. அக்கா போய்விடக் கூடாது என்று நினைத்தேன். அதை வாயால் சொல்லத்தான் எனக்கு வராது. எனக்கு ஆட்களோடு கதைப்பது பொதுவாகவே கஷ்டம். அக்கா, "தம்பி, சாப்பிட்டீரோ?" என்று கேட்டால், "ஓம்" என்பேன். சாப்பிடாவிட்டாலும் ஓம்தான்.

ஆனி மாதம் பிறந்தது. சூடான காற்று காலையிலேயே தூசியை வாரிக்கொண்டு வரத் தொடங்கிவிடும். குட்டி தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஈர மண்ணைக் கிளறி, வயிற்றை அதில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்தபடி கிடந்தது. சோற்றைத் தொடவில்லை.

ஒரு நாள் விடியக்காலை மனைவி என்னிடம் வந்து, "இஞ்சாருங்கோ, அக்கா குட்டியைப் பாத்துப் பாத்து அழுறா. இந்த வெக்கையில அது செத்துப்போமாம். டிக்கெட் திகதியை முந்திப் போட்டுக்கொண்டு போகப் போறன் எண்டு சொல்லுறா" என்றாள். அவள் அழவில்லை, ஆனால் முகம் சோர்ந்திருந்தது.

எனக்கு அது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. வெக்கை என்றால் முடியை வெட்ட வேண்டியதுதானே. அன்று அக்காவும் மனைவியும் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனார்கள். பக்கத்துக் காணிக்காரரிடம் தலைமயிர் வெட்டும் மெஷின் ஒன்று இருந்தது. கேட்டேன். மெஷினோடு அவரும் வந்துவிட்டார்.

நான் வெட்ட, அவர் குட்டியைப் பிடித்துக்கொண்டார். "பக்கத்தில ஒரு கோடு விடுவமே? இப்பத்தப் பெடியள் அப்பிடித்தானே வெட்டுறாங்கள்" என்றார். குட்டி ஒரு சத்தமும் போடாமல் என் மணிக்கட்டை நக்கிக்கொண்டு நின்றது. அரை மணித்தியாலத்தில் ஒரு சுளகு நிறைய முடி. உள்ளே பன்றிக்குட்டி போல இளஞ்சிவப்புத் தோல். காணிக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "உரிச்ச முயல் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அந்த நேரம் ஒழுங்கை முனையில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. அவர் மெஷினைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு, வேலியில் ஓலை விலகியிருந்த பொட்டுக்குள்ளால் வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. அவர் கையில் இருந்த பையைக் கீழே வைத்தார்.

"ஆர் வெட்டினது?"

மனைவி என்னைப் பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது.

"தம்பி, இது வெட்டுற சடை இல்லை. ஆயுற சடை."

எனக்கு விளங்கவில்லை. மனைவிதான் கேட்டாள்: "சடையை ஆயுறதோ? அதென்ன கீரையோ அக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மேல் முடி முத்தினால் வேர் காய்ஞ்சுபோம். கையால இழுக்க நோகாமல் வரும். அது போனால்தான் கீழே புது முடி கம்பி மாதிரி வளரும், உடம்புக்கும் காத்துப் படும். வெட்டினால் செத்த முடியின்ர அடி உள்ளுக்கயே கிடக்கும். வாற முடி பஞ்சு மாதிரி வரும். வெயிலும் சுடும். என்ர அவர் இருக்குமட்டும் அவர்தான் ஆய்ஞ்சவர். பிறகு நான். இப்ப என்ர தோள்மூட்டு விடுகுதில்லை. அதாலதான் இவ்வளவு மொத்திப்போய்க் கிடந்தது."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று நாளில் குட்டியின் முதுகு வெயிலில் வெந்து கொப்புளித்தது. ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். பின் ஆசனத்தில் ஒரு கரையில் அக்கா, மறு கரையில் நான், நடுவில் குட்டி. வைத்தியர் பூசுமருந்து கொடுத்தார். "இந்தத் தோலோட பிளேனில அனுப்ப நான் கடிதம் தரமாட்டன் அம்மா. புண் ஆறி முடி வளர்ந்தபிறகு வாங்கோ" என்றார்.

அக்கா டிக்கெட்டைக் கார்த்திகைக்குத் தள்ளிப் போட்டார்.

அன்று மத்தியானம் மனைவி எனக்குச் சோறு போட்டாள். "நீங்கள் செய்தது பிழை. பெரிய பிழை" என்றாள். சொல்லிவிட்டு இரண்டாவது மீன் துண்டையும் என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள்.

அதன் பிறகு குட்டி என் பொறுப்பு. யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். காலையும் மாலையும் மருந்து பூசினேன். வெளியே விடும்போது வெயில் படாமல் இருக்க, மனைவி என் பழைய சாரத்தைக் கிழித்து அதற்கு ஒரு சட்டை தைத்தாள். காணிக்காரர் வேலியடியில் நின்று, "மாப்பிள்ளை எங்க போறார்?" என்று குட்டியை விசாரிப்பார். மெஷினைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் எடுக்கமாட்டார்.

புண் ஆறி, அக்கா சொன்னது போலவே பஞ்சு மாதிரி முடி வந்தது. அதில் நாயுருவி விதைகள் போய் அப்பிக்கொள்ளும். பின்னேரங்களில் விறாந்தையில் குட்டியை மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுப்பேன். முதலில் அக்கா தூரத்தில் இருந்து பார்த்தார். பிறகு கதிரையைக் கிட்டக் கொண்டுவந்து போட்டார். அவர் கதைப்பார். அங்கே பனி பெய்கிற நாட்களில் கணவரும் அவரும் குட்டியைக் குசினி மேசையில் ஏற்றிச் சடை ஆய்ந்ததை, கணவர் நாயோடு தமிழிலும் அக்காவோடு ஜேர்மனிலும் கதைத்ததை. நான் குட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்பேன். ஆளின் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் எனக்கும் சில வார்த்தைகள் வந்தன. எந்த விதை லேசில் கழலாது, எந்தப் பக்கமாக இழுத்தால் முடி அறாது என்று சொன்னேன்.

மழை தொடங்கி, வயல் விதைத்து, நெல் ஒரு சாண் உயர்ந்தது. குட்டியின் முதுகிலும் பஞ்சுக்கு நடுவே கம்பி முடி நீட்டத் தொடங்கியது. வைத்தியர் பார்த்துவிட்டுக் கடிதமும் கொடுத்துவிட்டார். டிக்கெட் ஒரு புதன்கிழமைக்கு.

அதற்கு முந்திய ஞாயிறு பின்னேரம் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, போக முதல் இதை ஒருக்கா ஆய்ஞ்சுவிடுவம். என்ர கை ஏலாது. நான் சொல்லுறன், நீர் செய்யும்."

விறாந்தையில் மேசையைப் போட்டு, வழுக்காமல் இருக்க ஒரு சாக்கை விரித்துக் குட்டியை ஏற்றினேன். முடி விரலுக்குள் வழுகியது. அங்கே இதற்குப் பள்ளிக்கூடச் சோக்குத் தூள் பூசுவார்களாம். நான் சாமித் தட்டில் இருந்த திருநீற்றுக் குடுவையை எட்டிப் பார்த்தேன்.

"ஐயோ, திருநீறை நாய்க்கோ!" மனைவி ஓடிவந்தாள். "நில்லுங்கோ, அடுப்புச் சாம்பல் அரிச்சுத் தாறன்."

முடி வெட்டிய நாளுக்குப் பிறகு அன்றுதான் அக்கா சிரித்தார்.

சாம்பல் நன்றாகப் பிடித்தது. இடக்கையால் தோலை இறுக்கிப் பிடித்து, வலக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நாலைந்து முடியின் நுனியைப் பிடித்து, வளர்ந்த பக்கமாகவே நேராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதல் பிடியை மிகச் சிறிதாக எடுத்தேன். குட்டி கொட்டாவி விட்டது. பிறகு எனக்குப் பிடிபட்டுவிட்டது. நெல்லுக்குள் களை பிடுங்குகிற கைதானே. எது வரும், எது இன்னும் நிற்கவேண்டும் என்பது இழுக்கும் முன்பே விரலுக்குத் தெரிந்தது. வெளிறிய முடி போன இடத்தில், கீழே புதிதாக நல்ல மண்ணிறம் தெரிந்தது.

"நல்ல கை உமக்கு" என்றார் அக்கா. பிறகு சொன்னார்: "இதை ரெண்டு விதமாச் செய்யலாம். கிழமைக்குக் கிழமை முத்தினதை மட்டும் ஆய்ஞ்சுகொண்டு வந்தால், இது ஒருநாளும் வெறும் முதுகோட நிக்காது. எந்த வெக்கையும் தாங்கும். ஆனா அதுக்கு விடாமல் செய்ய ஒரு ஆள் வேணும். மற்றது, ஒரேநாளில முழுக்க எடுக்கிறது. அங்க போனால் எனக்கு ஆள் இல்லை. முழுக்க எடுத்துவிடும் தம்பி."

நான் இன்னும் நாலு முடி எடுத்தேன். பிறகு கையை நிறுத்தினேன்.

"முழுக்க எடுக்க வேண்டாம் அக்கா" என்றேன். குட்டியின் காதைப் பார்த்தபடிதான் சொன்னேன். "கிழமைக்குக் கிழமை ஆயுவம். நான் ஆய்வன். வயலில என்ன வேலை எண்டாலும் ஞாயிறு பின்னேரம் வந்து நிப்பன். நீங்கள் பக்கத்தில இருந்து சொன்னால் காணும். அடுத்த ஆனிக்குள்ள இதின்ர சடை சரியாகியிடும். அதுக்கு வெக்கை தெரியாது."

அக்காவோடு நான் அவ்வளவு நீளமாக அதுவரை கதைத்ததில்லை. என் காது இரண்டும் சுட்டன. குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது.

அக்கா குட்டியின் கழுத்தை விரலால் கோதினார். ஆய்ந்த இடத்தையும் ஆயாத இடத்தையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தார்.

"புதன்கிழமையெல்லோ டிக்கெட்?"

"ஓம்" என்றேன். திரும்பவும் எனக்கு அது ஒன்றுதான் வந்தது.

"இண்டைக்கு முதுகு மட்டும் காணும்" என்றார் அக்கா. "வாலை விடும் தம்பி. அதை வாற ஞாயிறு பாப்பம்."

நான் வாலை விட்டேன். குசினிக்குள் தேங்காய் திருவும் சத்தம் மறுபடியும் தொடங்கியது, முன்னதைவிட வேகமாக.