பாம்புக்காது அண்ணி

போனை எடுத்ததும் என் அண்ணி பெயர் கேட்க மாட்டார், முகவரி கேட்க மாட்டார். "அந்தச் சத்தத்தை வாயால போட்டுக் காட்டுங்க" என்பார்.

வீட்டு ஹீட்டரும் ஏசியும் பழுது பார்ப்பது அவர் தொழில். எதிர்முனையில் இருப்பவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் முதலில் கூச்சப்படுவார். "ஏதோ ஒரு மாதிரி சத்தம்ங்க" என்று இழுப்பார். அண்ணி விடமாட்டார்.

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? கடகடவா, கொடகொடவா? கடகடன்னா எங்கயோ திருகாணி கழண்டிருக்கு. கொடகொடன்னா தண்ணி தேங்கியிருக்கு. சும்மா பண்ணுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஒருமுறை ஒரு வக்கீல், ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு, "ஙொய்ய்ய்" என்று அரை நிமிடம் போட்டுக் காட்டினார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "விசிறிக்கு பேரிங் போச்சு சார். நல்லா பண்ணீங்க" என்றார். பேரிங்தான் போயிருந்தது.

இந்த வேலைக்கு வருமுன், இப்போது இருக்கும் கம்பெனியிலேயே ஆறு வருடம் போன் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். புகாரைக் கேட்டுச் சீட்டில் எழுதி மெக்கானிக் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் சாயங்காலம் அவர்கள் திரும்பும்போது வாசலில் மறித்து நிற்பாராம். "காலைல அந்த நறநற என்னாச்சு? அந்த டொக்கு டொக்கு?" கேட்டுக் கேட்டு, கடைசியில் சீட்டின் ஓரத்திலேயே என்ன பழுது என்று எழுதிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அது சரியாக இருந்ததுதான் மெக்கானிக்குகளுக்கு எரிச்சல். "உனக்கென்ன பாம்புக்காதா?" என்று ஒருவர் கேட்கப்போக, அதுவே பெயராகிவிட்டது. முப்பத்தெட்டாவது வயதில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினார். என் அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றவே சாமி கும்பிடுகிற ஆள். அவர் மனைவி கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஊர்ந்து போகிறார். இதை யாரிடம் சொன்னாலும் எனக்குக் கழுத்து ஒரு அங்குலம் நீள்கிறது.

போன குளிர்காலத்தில் அவருக்கு இடது மணிக்கட்டு பிசகிவிட்டது. ஒரு வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். எனக்கு விடுமுறை, நான் ஓட்டினேன்.

"மெதுவா போன்னுதான் சொன்னேன். நீ என்ன, நடந்து போறவங்களுக்கெல்லாம் வழி விட்டுட்டிருக்க?"

"ரோடு ஈரமா இருக்கு அண்ணி."

"இன்னைக்குள்ள போய்ச் சேர்ந்தா சரி."

வியாழக்கிழமை ஒரு பெண் போன் செய்தார். அவர் சத்தம் எதுவும் போட்டுக் காட்டவில்லை.

"எங்கப்பா தனியா இருக்கார். வீட்ல சத்தம் கேக்குதுங்கறார். ரெண்டு மெக்கானிக் வந்து பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. வாரத்துல ரெண்டு நாள் நான் போறேன், எனக்கும் ஒரு நாளும் கேட்டதில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவருக்கு மனசு தடுமாறுதுன்னு நினைக்கிறேன். முதியோர் இல்லத்துல ரூம் சொல்லி வச்சிருக்கேன், திங்கக்கிழமை சேக்கணும். நீங்களும் வந்து ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அவர் ஒத்துக்குவார்."

"ஒண்ணுமில்லைன்னு சொல்ல நான் எதுக்கு வரணும்? வர்றேன். பார்த்துட்டுத்தான் சொல்வேன்" என்றார் அண்ணி.

மறுநாள் பகல் ஒரு மணிக்குப் போனோம். வாசல் கதவு, ஜன்னல், உள்ளே அத்தனை அறைக் கதவுகளும் விரியத் திறந்திருந்தன. "நான் வந்தா முதல்ல எல்லாத்தையும் திறந்து விட்டுடுவேன். இவர் பூட்டிப் பூட்டி வச்சு ஒரே புழுக்க வாடை" என்றார் மகள். அப்பா சோபா நுனியில், சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவராம்.

"ஐயா, அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்க."

மகள் முகம் சிவந்தது. அவர் மகளைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், எழுந்து நின்றார்.

"முதல்ல ஊஊஊன்னு ஒரு ஊளை. யாரோ கதவுக்கு வெளிய நின்னு அழற மாதிரி. பத்து நிமிஷம் அழும். அப்புறம் நிக்கும். நின்னதும்..." மேஜையை ஓங்கி அறைந்தார். "டொம்!"

"அப்பா, மெதுவா."

"எப்ப வரும் ஐயா?"

"மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுக்கறப்ப."

"படுத்தா கனவு வரத்தானேப்பா செய்யும்" என்றார் மகள் தணிந்த குரலில்.

"எஞ்சின் தும்மினா எந்த மூக்குன்னு சொன்னவன்மா நான். கனவுக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?"

அண்ணி நடைவழியில், வீடு முழுக்கக் குழாய் வழியாகச் சூடான காற்றை அனுப்பும் மெஷின் இருந்த அலமாரிக்குப் போனார். மூன்று திருகாணிகளைக் கழற்றி முன்மூடியை எடுத்தார். மெஷினை ஓடவிட்டார், நிறுத்தினார், ஓடவிட்டார். உஸ் என்று சாதுவாக ஓடியது. விசிறி, பெல்ட், மோட்டார் எல்லாம் சுத்தம். முக்கால் மணி நேரம் போயிற்று. ஊளையும் இல்லை, டொம்மும் இல்லை.

மகள் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"சரிம்மா. திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. அண்ணியிடம், போகலாமா என்று கண்ணால் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் பிடித்திருந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நெற்றியில் அறைந்துகொண்டார்.

"மடச்சி! நான் ஒரு மடச்சி!"

"என்னங்க?" என்றார் மகள்.

"எந்த மெக்கானிக்கும் வந்தவுடனே மூடியைத்தான் திறப்பான். அந்த ரெண்டு பேரும் திறந்திருப்பாங்க. பாம்புக்காதுன்னு பேர் வாங்கின நானும் அதையேதான் செஞ்சிருக்கேன். திறந்த வாயை வச்சுக்கிட்டு யாராவது விசில் அடிக்க முடியுமா?"

மூடியைத் திரும்பப் பூட்டினார். "ஐயா, நாங்க யாரும் இங்க இல்லைன்னு வச்சுக்குங்க. தினம் எப்படிப் படுப்பீங்களோ அப்படியே பண்ணுங்க."

அவர் ஒவ்வொன்றாக ஜன்னல்களைச் சாத்தினார். வாசலைத் தாழிட்டார். மற்ற அறைகளை மூடினார். பிறகு நாங்கள் நான்கு பேரும் அவருடைய படுக்கை அறைக்குள் போனோம், அந்தக் கதவையும் சாத்தினார். கட்டில் ஓரத்தில் அவர், பக்கத்தில் மகள். நான் பீரோவில் சாய்ந்து நின்றேன். அண்ணி கதவடியில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

மெஷின் கிளம்பியது. உஸ் என்றது. உஸ் மெல்ல மேலே ஏறி ஊ ஆயிற்று. ஊ நீண்டு ஊஊஊ என்று கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று விம்முவது போல அழ ஆரம்பித்தது. மகள் படுக்கை விரிப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். அண்ணி ஒரு தாளைக் கிழித்துக் கதவுக்கு அடியில் நீட்டினார். விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு அது வெளியே பறந்தது.

பத்து நிமிடம் கழித்து மெஷின் நின்றது. தலைக்கு மேல், கூரைக்குள், டொம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியவர் மட்டும் அசையவில்லை. அவர் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு முட்டுது அதுக்கு" என்று எழுந்தார் அண்ணி. "ரூமுக்குள்ள விட்ட காத்தை மெஷின் திரும்ப இழுக்கணும். கதவை மூடினா வழி கிடையாது, அடிச்சந்து வழியா இழுக்குது. அதான் ஊளை. இழுக்கற இழுப்புல மேல இருக்கற தகரக் குழாய்க்கு வயிறு ஒட்டிப் போகுது. மெஷின் நின்னா வயிறு படார்னு வெளிய வருது. மூடியைத் திறந்து பார்த்தா மூச்சு வந்துடும், சத்தம் போயிடும். ஆனா கதவை மூடினதுக்கே இவ்வளவு முட்டக் கூடாதே..."

அலமாரிக்குப் போய் ஃபில்டரை உருவினார். தலையணை கனத்துக்கு இருந்தது.

"இதை யாரு போட்டது?"

மகள் முன்னால் வந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் மகள். "அப்பாவுக்கு இருமல். கடையில இதுதான் தூசியே விடாதுன்னாங்க. மத்த ரூம்ல காத்து வர்ற வழியையும் நான்தான் மூடினேன். சூடெல்லாம் அவர் ரூமுக்கே வரட்டும்னு..."

"எப்போ?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

சத்தம் ஆரம்பித்தும் இரண்டு மாதம்தான் என்பதை அங்கே யாரும் சொல்லிக் காட்டவில்லை. பெரியவர்தான் முதலில் பேசினார்.

"நல்ல ஃபில்டர்மா அது. இருமல் குறைஞ்சுது."

அண்ணி மெல்லிய ஃபில்டர் ஒன்றைப் போட்டார். மூடியிருந்த காற்று வழிகளையெல்லாம் திறந்தார். கதவடியை ஒரு விரல் அளவு இழைக்கத் தச்சரைக் கூப்பிடச் சொன்னார். மறுபடி எல்லாவற்றையும் சாத்தி ஓடவிட்டோம். லேசான உஸ் மட்டும்தான்.

வேலைச் சீட்டை அண்ணி நிரப்பும்போது பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "அந்த ரெண்டு சீட்டுலயும் 'சத்தம் எதுவும் இல்லை'ன்னு எழுதியிருக்காங்க."

"தெரியும்" என்றார் அண்ணி. கொட்டை எழுத்தில் எழுதினார்: 'வாடிக்கையாளர் சொன்னது முழுக்கச் சரி. சத்தம் இருந்தது. கேட்டவர்கள் நான்கு பேர்.' என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து போட்டதில்லை.

மகள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றார். "ஆமாங்க, திங்கக்கிழமை ரூம்... இல்லைங்க, தள்ளிப் போடல. வேண்டாம்... வேண்டாம்னுதான் சொல்றேன்..." குரல் உடைந்ததும், மறைக்க நினைத்தோ என்னவோ, இன்னும் உரக்கப் பேசினார்.

"எதுக்கும்மா கத்தற?" என்றார் பெரியவர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மெதுவாவே பேசு. எனக்கு நல்லாக் கேக்குது."