ஊதல் இல்லாத காவல்

சம்பளம் இல்லாத வேலைக்குத்தான் அதிகாரம் செய்ய ஆள் அதிகம். போலீசுக்கு ஒத்தாசையாக, ஓசியில் கூட்டம் ஒதுக்கிய என்னைப் போன்றவர்களுக்கு இது புரியும்.

சப்பாத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், பத்து காஜா ஊர் ரோட்டில் மோட்டார் வண்டி வந்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்த காலம். தோட்டத்து மாரியம்மன் தீமிதிக்குக் கூட்டம் அதிகம், போலீஸ்காரர்கள் இரண்டே பேர். உதவிக்கு ஆள் கேட்டு சார்ஜன் வந்தார். முதலில் கை தூக்கியவன் நான். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கந்தையா பேர் எழுத வந்தவர், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் கையில் கட்ட ஒரு சிவப்புத் துணி. விசில் என்கிற ஊதல் மட்டும் ஒன்றே ஒன்று. சார்ஜன் எங்கள் கால்களை வரிசையாகப் பார்த்தார். ஊதலைக் கிராணியிடம் நீட்டிவிட்டுச் சொன்னார்: "சப்பாத்து போட்டவர்கிட்ட இருக்கட்டும்."

தொண்டை

தீமிதி அன்று கிராணி ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்டு நிழலில் நின்றார். ஒருதரம்கூட ஊதவில்லை. "முனியாண்டி, சத்தம் போடு" என்பார். நான் கத்துவேன். பொழுது சாய்வதற்குள் குரல் போய்விட்டது.

ரப்பர் பால் எடுக்கும் ராமாயி என்னைவிட மூத்தவள். கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தடுத்தேன். கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "டேய், நேத்து என் பால் வாளியைத் தட்டிவிட்டவன் நீ. எனக்கு வழி சொல்ல வந்துட்டியா? ஒதுங்குடா, சாமி பாக்கணும்லா!"

கோழித் திருடன்

அந்தக் கூட்டத்தில் சடையன் என்ற கோழித் திருடன் பிடிபட்டான். போலீஸ்காரர்களுக்குக் கை ஒழியவில்லை. மறுநாள் காலை அவனைப் பத்து காஜா போலீஸ் ஸ்டேஷனுக்கு நடத்திக் கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். ஊதல் இல்லாத ஆளோடு போனால் அவனுக்குக் கேவலமாம். கிராணியை அழைத்துவரச் சொன்னான்.

எனக்கு என்ன தோன்றியதோ, அவனை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். கிராணி ஊதலையும் தரவில்லை, நாற்காலியை விட்டும் எழவில்லை. பயந்துகொண்டே திரும்பினேன். சடையன் அதே இடத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்து எழுந்தான்: "வாங்கண்ணே, போலாம். உங்களைப் பாத்தா பாவமா இருக்கு."

மாற்றல்

கிராணிக்குக் கோலா கங்சார் பக்கம் மாற்றல் வந்தது. அன்றுதான் ஊதல் என் கைக்கு வந்தது. அவர் முன்னாலேயே மூச்சைப் பிடித்து ஊதினேன். வெறும் காற்று. வாய் நசுங்கி, உள்ளே உருண்டையும் இல்லை.

கேட்டேன். கிராணி பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அது வந்த கிழமையே விழுந்து போட்டுது. ஊதுறதுக்கோ தந்தவங்கள்? கழுத்திலை போடத்தானே. சத்தத்துக்கு நீ இருந்தாய்!"

அடுத்த தீமிதி

அந்தச் செத்த ஊதலைத்தான் மாட்டிக்கொண்டு போனேன். வேறென்ன செய்ய? ராமாயி கயிற்றைத் தூக்கினாள். கத்தலாம் என்று மூச்சை இழுத்தபோது, கை தானாக ஊதலைத் தொட்டது. ராமாயி கயிற்றைக் கீழே விட்டாள்: "ஊதிடாதீங்கண்ணே, நாங்களே ஒதுங்கிக்கிறோம்."

கிராணி செத்த ஊதலை மாட்டிக்கொண்டு ஏமாற்றியதைக்கூட மன்னித்துவிடலாம், அவர் சொன்னது சரியாகப் போனதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.