தண்ணீர் நின்ற கொல்லை

மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிற நிலத்தைப் பார்த்து யாராவது "நல்ல பூமி" என்றால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்லித்தான் என் அப்பா என்னை அந்த வீட்டில் கொடுத்தார். அவர் பாலாற்றங்கரைக்காரர். அவருடைய நிலம் முழுக்க மணல். காலையில் பெய்த மழை சாயங்காலம் இருந்த இடம் தெரியாது. அப்படிப்பட்ட மனிதர், மழை விட்டு ஒரு வாரமாகியும் வரப்புக்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? மகள் மகாராணியாக இருக்கப் போகிறாள் என்று நினைத்தார். பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அந்தத் தண்ணீர் ஏன் நிற்கிறது என்பது மருமகளாக வந்து மண்வெட்டி பிடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் மழையை நம்பிய புன்செய் நிலம். எங்கள் கொல்லையில் மேலே களிமண். ஒரு முழம் தோண்டினால் சுக்கான்கல்லும் களியும் சேர்ந்து இறுகிப்போன ஓடு. அதன்மேல் கடப்பாரையைப் போட்டால் திரும்பி எகிறும், தோள்பட்டை வரைக்கும் அதிரும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலே நிற்கிறது, அவ்வளவுதான். அதில் கேழ்வரகுப் பயிர் வேர் அழுகி மஞ்சளாகும். தண்ணீர் வற்றியதும் அதே மண் வெடிக்க ஆரம்பிக்கும். சித்திரையில் வெடிப்புக்குள் காலை விட்டு என் மாமியார் ஒருமுறை கணுக்காலைப் பிசகிக்கொண்டார். அதன்பிறகு அவர் கொல்லைப் பக்கம் வந்ததே கம்மி.

ஏர் ஓட்டுவதற்கு அந்த மண் இடம் கொடுப்பது இரண்டு மழைக்கு நடுவில் கொஞ்ச நேரம்தான். முந்தினால் மாடு புதையும், கலப்பையில் மண் அப்பிக்கொண்டு வரும். பிந்தினால் கொழு கீறவே கீறாது. நடுவில் பதம் என்று ஒன்று வரும். அது வருகிற நாளில் வீட்டில் ஆண்பிள்ளை இருக்கவேண்டுமே. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புக் குழியில் தோலைப் போட்டு எடுக்கிற வேலை. வெள்ளிக்கிழமைதான் லீவு. பதம் வெள்ளிக்கிழமை பார்த்தா வரும்? நான் ஊரெல்லாம் ஏர்க்காரர்களைக் கெஞ்சிக்கொண்டு அலைவேன். அன்றைக்கு அவரவர் நிலம் அவரவருக்கு.

ஒரு வருஷம் எல்லோரையும் போல மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டோம். செடி நன்றாகத்தான் வந்தது. பிடுங்கினால் செடி மட்டும் கையோடு வந்தது, கொட்டையெல்லாம் இறுகின மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. களைக்கொத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. அந்த மண்ணில் தானாக, சந்தோஷமாக வளர்ந்தது ஆவாரைதான். தோல் பதனிட அதன் பட்டை வேண்டும் என்பதால் பட்டை வாங்க வரும் சாயபு மட்டும் எங்கள் கொல்லையை மெச்சுவார். "ஆவாரைக்கு இத விட நல்ல மண்ணு இல்லம்மா, மத்ததெல்லாம் உட்டுடு" என்பார். அடுப்புப் போடவும் சுவர் பூசவும்கூட நல்ல மண்தான். சோறு போடத்தான் அதற்கு மனசில்லை.

கொழுந்தனாருக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கொள்ளை ஆசை. ஓரகத்தி ஒருத்தி வந்தால் களை எடுக்க, பட்டை உரிக்க, தண்ணீர் சுமக்க இன்னொரு ஜோடி கை கிடைக்கும். அப்போதெல்லாம் படுத்தால் புரள முடியாமல் உடம்பு வலிக்கும். பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு பெண் அமைந்தது. பெண் வீட்டார் நிலம் பார்க்க வரவேண்டும். மாமியார் சொன்னார்: "ஐப்பசி மழை உடட்டும். அப்பால வரச் சொல்லலாம்."

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா நிலம் பார்க்க வந்ததும் ஐப்பசி மழைக்குப் பிறகுதான். இந்தச் சாமர்த்தியம் அந்த வீட்டில் புதிது இல்லை என்று அப்போதுதான் புத்தியில் பட்டது.

மழை விட்டதும் வந்தார்கள். பெண்ணின் அப்பா வரப்பின்மேல் நடந்து, தளும்புகிற தண்ணீரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதே ஆற்றோர மணல்காரர், அதே தலையாட்டல். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அம்மா கால் கழுவப் பின்பக்கம் வந்தாள். முழங்கால் வரைக்கும் களி அப்பியிருந்தது. நான் தண்ணீர் ஊற்றினேன், அவள் ஓட்டாஞ்சில்லால் வழித்து வழித்துப் பார்த்தாள். மண் லேசில் போகவில்லை.

"ஏம்மா, இந்தப் பூமி வெளையுதா?" என்று கேட்டாள்.

விளைகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பாடு பாதியாகும். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். என் அம்மா இருந்திருந்தால் இப்படித்தானே யாரையாவது கேட்டிருப்பாள் என்று நினைத்தேன், மனசு கேட்கவில்லை.

"வெளைச்சல் கம்மிம்மா, பாடுதான் ஜாஸ்தி. தண்ணி நிக்குதேன்னு பாக்காதீங்க. அடியில ஓடு கீது. எறங்க வழியில்லாம நிக்குது. எங்கப்பாவும் இதப் பாத்துத்தான் ஏமாந்தாரு."

"உன் மாமியாருக்குத் தெரிஞ்சா உன்ன இன்னா பண்ணுவாங்க?"

"ரெண்டு நாளு ஏசுவாங்க. அதுக்கின்னா."

அவள் இன்னொரு காலையும் கழுவிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள். சம்பந்தம் முறிந்தது என்று முடிவு கட்டிக்கொண்டேன். செய்தது சரி என்று தெரிந்தாலும் அடுத்த நாள் குடம் தூக்கும்போது அழுகை வந்தது.

முறியவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள நாள் குறித்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் காதில் வாங்கினாளா இல்லையா? கல்யாணத்தன்று அவளே என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போனாள்.

"நீ சொன்னத நான் மறக்கலம்மா. அவங்கப்பாகிட்ட சொல்லல. எந்த வூட்டுக்குப் போனாலும் ஒரு கொற இருக்கும். உன் வூட்டுக் கொறைய நீயே வாயத் தொறந்து சொன்ன. அப்பிடி ஒரு பொம்பள இருக்கற வூட்ல என் பொண்ணு இருக்கட்டும்னு தோணிச்சு. நான் தெரிஞ்சே குடுத்தேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாத. தாங்கமாட்டா."

எனக்குப் பெருமை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தப் பெண் இங்கே வராமல் இருக்கட்டும் என்றுதானே சொன்னேன்? ஆனாலும் சரி என்று தலையாட்டினேன்.

வந்தவள் நல்ல பெண். சுறுசுறுப்பு. அக்கா, அக்கா என்று என்னையே சுற்றிக்கொண்டிருப்பாள். அந்த மாசங்களில்தான் நான் வலி தெரியாமல் தூங்கினேன், இல்லையென்று சொல்லமாட்டேன். பண்டிகைக்குத் தாய்வீடு போகிற நாளில் அவள் கால் தரையில் பாவாது. அம்மா மடியில் படுத்துவிட்டு வந்த கதையை ஒரு வாரம் சொல்லுவாள். எனக்கு அப்பா போனதோடு தாய்வீடு என்பதே இல்லை. அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்த மழைக்குப் பிறகு இருவரும் களை எடுத்துக்கொண்டிருந்தோம். மண் பதம் தப்பி இறுகிவிட்டிருந்தது. அவள் போட்ட கொத்து எகிறி விரலில் பட்டது. ரத்தத்தைச் சேலையில் சுற்றிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கிடந்த கேழ்வரகுச் செடியைத் தூக்கிப் பார்த்தாள். வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பரந்து அழுகியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"இது தெரிஞ்சிருந்தா எங்கம்மா என்ன இங்க குடுத்திருக்கவே மாட்டா. அன்னிக்குப் பின்பக்கம் அவ கால் கழுவ நீதான தண்ணி ஊத்தின? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. சொன்னேன் என்று சொன்னால் என் பழி போய்விடும். அவளுக்கு அம்மா வீடு போய்விடும். அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

"எனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டியிருந்துச்சு," என்றேன். "அதான் சொல்லல."

அவள் அழவில்லை.

"உன்ன நம்பிதான் அனுப்பறேன்னு எங்கம்மா சொன்னா," என்றாள்.

செடியைப் போட்டுவிட்டு, கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லையின் அந்தக் கோடிக்குப் போனாள். சாயங்காலம் வரைக்கும் அவள் அங்கே களை எடுத்தாள், நான் இங்கே எடுத்தேன்.