அண்ணன் முகத்தில் அழித்த நிழல்

பள்ளியில் எங்களுக்கு நிழல் போடக் கற்றுக்கொடுத்தது ஒரு முட்டையை வைத்துத்தான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்க வேண்டும். அப்போதுதான் வெறும் வட்டம் முட்டையாகும். ஜப்பான்காரன் வந்தபின் பள்ளியும் போயிற்று, முட்டையும் கண்ணில் படவில்லை. மெர்போக் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, விரல் நீளப் பென்சில் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அண்ணன் பெயரும் வந்தது. அண்ணிக்கு ஏழு மாதம். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. பிறக்கிற பிள்ளைக்கு அப்பன் முகம் தெரிய வேண்டுமே என்று, புறப்படும் காலையில் அவரை லயத்து வீட்டு வாசலில் உட்காரவைத்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்தேன். ஒரு கன்னத்தில் வெயில். ஒட்டிய மறு கன்னமும் கண்ணுக்குக் கீழிருந்த குழியும் தாடைத் தழும்பும் நிழலில் இருந்தன. அவர் பார்க்கும் பக்கம் கொஞ்சம் இடம் விட்டேன், முகம் தாளில் முட்டிக்கொண்டு நிற்காமல் இருக்க. அசல் அண்ணன். எனக்கே பெருமையாக இருந்தது.

அண்ணிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தூரம் போறவரு மூஞ்சிய பாதி கரியாக்கி வச்சிருக்கியே புள்ள. ஆகாது. அழிச்சிரு."

நிழல் இல்லாவிட்டால் முகமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவள் சொல்கிறபடி செய்துவிடு என்றார் அண்ணனும். கித்தாத் தோட்டத்தில் அழிக்க ரப்பருக்கா பஞ்சம்? மரத்தில் வடிந்து காய்ந்த ஒட்டுப்பாலை உருட்டித் தேய்த்தேன். முகம் தட்டுப்போல வெளுத்தது. அதற்குள் லாரி வந்துவிட்டது.

அண்ணன் திரும்பவில்லை. தப்பி வந்த ஒருவர், காய்ச்சலில் போய்விட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறந்தது பெண். இரண்டு வயதில் படத்தைக் காட்டி அப்பா என்று சொல்லிக்கொடுத்தோம். மறுநாள் எதிர் வீட்டுக்காரரைப் பார்த்து அப்பா என்றாள். தண்ணீர் பிடிக்க வந்தவரையும் அப்பா என்றாள். அந்தப் படம் யாருக்கும் பொருந்தும். அதை அப்படி ஆக்கியவள் நான்தான்.

அன்று மாலை அண்ணி தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"அந்த நெழல திரும்பப் போட்டுடு."

பென்சிலைக் கையில் எடுத்துவிட்டேன். தழும்பு இருந்தது நினைவிருந்தது. எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. அண்ணியைக் கேட்டேன். அவர் தன் தாடையை விரலால் தடவிப் பார்த்தார். ஒருமுறை காதருகே வைத்தார், ஒருமுறை வாயோரம். பிறகு விரலை எடுத்துவிட்டு அழ ஆரம்பித்தார்.