ஒரு கடைவாய்ப் பல்லுக்காக இரண்டு முறை உத்திரமேரூர்

உத்திரமேரூருக்கு எல்லோரும் கல்வெட்டு பார்க்கப் போவார்கள். நான் போனது பல்லுக்காக. எட்டு மாதத்துக்கு முன் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து நரம்பை எடுத்தார்கள். மேலே கேப் போட வரச் சொன்னார்கள். வலிதான் போய்விட்டதே என்று நானும் போகவில்லை. புரட்டாசி பிறந்ததும் ஒரு நாள் வறுகடலை கடித்தேன், பாதிப் பல் உடைந்து கையில் வந்தது. இரண்டு டாக்டர்கள் பிடுங்கிவிடலாம் என்றார்கள். உத்திரமேரூரில் ஒரு டாக்டரம்மா லேசில் பிடுங்க மாட்டார் என்று எங்கள் சைட் கொத்தனார் சொன்னார். அதுதான் கடைசி நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை காலை 7.10க்கு வாலாஜாபாத்தில் பஸ். இருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபது ரூபாய். பாலத்தில் பாலாற்றைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை, நாக்கு உடைந்த பல்லைத் தடவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து எழுந்து பார்த்தேன்.

"உக்காருங்க சார், இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்ணிக்கினு கீறீங்க? ஊரு எங்கியும் ஓடிடாது" என்றார் கண்டக்டர்.

8.05க்கு இறங்கினேன். கிளினிக் திறப்பது பத்து மணிக்கு. வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய்க் கல்வெட்டின் முன் நின்றேன். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. ஒன்பதே காலுக்கே கிளினிக் வாசலில் நின்றுவிட்டேன்.

டாக்டரம்மா பக்கத்து ஊரான காவாந்தண்டலத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுத் திட்டினார். "எட்டு மாசமா கேப் போடாம இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? நரம்பு எடுத்த பல்லு சார். ஒடையற வரிக்கும் ஒண்ணும் தெரியாது."

நான் கட்டட சைட் சூப்பர்வைசர். சும்மா இருக்க முடியுமா? "நல்ல தடியா ஸ்டீல் கம்பி ஒண்ணை வேருக்குள்ள இறக்கிடுங்க மேடம், ஸ்ட்ராங்கா நிக்கும்" என்று யோசனை சொன்னேன்.

சிரித்துவிட்டார். "கம்பி பல்லுக்கு பலம் குடுக்காது சார். மேல கட்டறத புடிச்சிக்கினு இருக்கும், அவ்ளோதான். அந்தக் கம்பிய தாங்கறதே உங்க பல்லுதான். தடியா வுட்டா வேரு பொளந்துடும்."

ஈறுக்கு மேலே சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் பல்லாவது மிச்சமிருந்தால்தான் கேப் பிடித்து நிற்குமாம். அளந்தார். மூன்று பக்கம் இருந்தது, நாக்குப் பக்கம் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, அங்கே ஈறைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மறுபடி அளந்தார். எத்தனையோ கான்கிரீட் தூண்களை அளந்து, சரியில்லை, இடி என்று சொன்ன ஆள் நான். அன்று நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை. பயந்துதான் போனேன்.

"ரெண்டு மில்லி இங்கியும் கீது சார்" என்றார். கண் கலங்கிவிட்டது. பல் வலியென்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

கம்பிக்குப் பதில் ஃபைபர் போஸ்ட் என்ற மெல்லிய குச்சியை வேருக்குள் ஒட்டி, மேலே பல்லைக் கட்டி எழுப்பி, தற்காலிக மூடி போட்டார். கேப்புக்குப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார். மொத்தச் செலவு ஏழாயிரத்து ஐந்நூறு. போகிறவர்கள் பழைய எக்ஸ்ரேயைக் கையோடு எடுத்துப் போங்கள். காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள், ஊசி போட்டபின் மதியம் வரை வாய் மரத்துக் கிடக்கும். பஸ்ஸில் போவதே நல்லது.

பத்தாவது நாள் சைட்டில் கூரைக் கான்கிரீட் என்று முடிவாகியிருந்தது. பல்லில் துளி வலி இல்லை. அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று மனது மெல்ல ஆரம்பித்தது. அன்று காலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் நாலு நடை நடந்துவிட்டு ஓனருக்கு போன் செய்தேன்.

"ஒத்தப் பல்லுக்காவ கான்கிரீட்ட நிறுத்துவியா?"

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு 7.10ஐப் பிடித்தேன்.

கேப்பை ஒட்டி முடித்ததும் கடி சரியாக விழுகிறதா என்று பார்க்க டாக்டரம்மா நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். பூப்போலக் கடித்தேன்.

"நல்லா கடிங்க சார், ஒண்ணும் ஆவாது."

கடித்தேன்.