தெளிந்த பாகும் கலங்கிய பாகும்

என் தமக்கை பொறாமையால் எங்கள் கொய்யா மரங்களைக் கெடுத்தாள் என்று என் பேரப்பிள்ளைகள் வரை சொல்லி வருகிறார்கள். அது பொய். பொய்யென அறிந்தும் வாய் மூடியிருந்தவன் நான். ஆதலால் இதனை எழுதி வைப்பது என் கடன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூரில், ஒரே வேலியின் இருபுறமும் எங்கள் வீடும் அக்காளின் வீடும் இருந்தன. கணவரை இழந்த அவள் தனியே வாழ்ந்தாள். அவள் முற்றத்தில் சிவந்த சதையுடைய கொய்யா ஒன்று நின்றது. மழைக்காலத்தில் அதன் இரு கிளைகளில் விரலகலம் பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தென்னைநார்த் தூளை வைத்து, பாலித்தீன் தாளால் இறுகக் கட்டினாள். இரு திங்களில் வேர் பிடித்தது. அறுத்தெடுத்து எங்கள் வீட்டின் தென்புறத்தில் அவளே நட்டாள். மூன்றாம் ஆண்டில் அவை காய்த்தன.

என் மனைவி கொய்யாப் பாகு காய்ச்சக் கற்றது அவ்வாண்டில்தான். பழுத்ததையும் செங்காயையும் கலந்து நறுக்கி வேகவைத்து, வெள்ளைத் துணியில் கட்டி அரைநாள் தொங்கவிடுவாள். துணியைப் பிழியலாகாது, தானாகச் சொட்டும் நீரே தெளிவானது. சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சினால் அது கண்ணாடி போல் இறுகும். பின்னர்ப் பிழிந்தெடுக்கும் சாறும் இனிக்கும். ஆனால் கலங்கிக் கூழாக நிற்கும். எங்கள் காய்கள் போதாமையால், அக்காள் தன் மரம் முழுவதையும் பறித்து இரண்டு ஓலைக் கடவங்களில் சுமந்து வந்தாள்.

"இறுகுமா மயினி?" என்றாள் என் மனைவி.

"இறுகல்லேன்னா உனக்க மாப்பிளைக்க தலையில ஊத்திரு. முடியாவது முளைக்கட்டு!"

பாகு இறுகியது. தெளிந்தவை ஏழு புட்டி, கலங்கியவை மூன்று. பங்கிட்டவன் நான். நெய்யாற்றின்கரையில் ஒரு குடும்பத்தோடு என் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. தெளிந்தவை அனைத்தையும் அவர்களுக்கென ஒதுக்கினேன். கலங்கியதில் ஒன்றை அக்காளுக்குக் கொடுத்து, இவ்வாண்டு இவ்வளவே தேறியது என்றேன். மனைவி தடுத்தாள், நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில் அக்காள் எங்கள் அடுக்களையில் ஏத்தன் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தாயார் புட்டியை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, இக்காய் எங்கிருந்து வந்தது என மலையாளத்தில் வினவினார்.

"எங்கள் வீட்டு மரம், எங்கள் வீட்டுக் கைவேலை" என்றேன்.

அடுக்களையில் கரண்டியின் ஓசை நின்றது.

விருந்தினர் சென்றபின் அக்காள் கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "தெளிஞ்சது வந்தவியளுக்கு, கலங்கினது கூடப்பொறந்தவளுக்கு. அப்பிடித்தானேலே? கேட்டிருந்தா வரிசையா வச்சிருந்த ஏழு குப்பியையும் நானே எடுத்துக் குடுத்திருப்பேனாக்கும். பொய் எதுக்கு மக்கா?"

"ஒரு குப்பிக்கு இவ்வளவு பேச்சா?" என்றேன்.

அடுத்த பருவத்தில் அவள் ஒரு காயும் பறிக்கவில்லை. பழுத்து விழுந்தவை வேலியோரம் அழுகின. அழுகலில் பெருகிய பழ ஈக்களுக்கு வேலி ஏது? எங்கள் பழங்கள் வெளியே பொன்னாயிருந்தன; நறுக்கினால் வெண்புழு நெளிந்தது. பெருக்கி எடுக்கும்படி வேலியருகே நின்று கத்தினேன்.

"எனக்க முதுகு வளையாது. உனக்க சம்பந்தக்காரவிய வந்து பொறுக்கட்டு" என்றாள்.

எங்கள் மரத்தடியிலும் பழங்கள் அழுகிக் கிடந்தன என்பதையும், அவற்றை நான் பெருக்கவில்லை என்பதையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஊரார் அவளைப் பொறாமைக்காரி என்றனர். அவள் வராத என் மகளின் திருமணப் பந்தலிலேயே அப்பேச்சு நடந்தது. மறுத்திருந்தால் அவள் சினத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் சம்பந்திகளின் முன் என் பொய் வெளிப்படும். பேசாதிருந்தேன். சில ஆண்டுகளில் அவள் காட்டாக்கடையிலுள்ள தன் மகளிடம் சென்றாள், அங்கேயே இறந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. எனக்காக யாரும் காத்திருக்கவில்லை.

புட்டிகளின் எண்ணிக்கையிலோ பருவங்களின் வரிசையிலோ என் நினைவு பிழைத்திருக்கலாம். கடைசி நாள்களில் அவளோடு இருந்தவர்கள் இதனைப் படிக்க நேர்ந்தால் திருத்தித் தருக. என்னைப் பற்றி அவள் இதனினும் கடுமையாக ஏதேனும் சொல்லியிருந்தால் அதனையும் சேர்த்தெழுதுக, குறைத்தெழுத வேண்டா.